பாகத்தை மாற்றும் முன் அளந்து பார்ப்போம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓம் விதி நடத்தும்போது, "இது எதுக்கு சார் உதவும்?" என்று ஒரு மாணவராவது கேட்பார். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் ஐ.டி.ஐ. முடித்து கார் பட்டறைக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் சந்திக்கக்கூடிய ஒரு பழுதையே இன்று பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தானாக இயங்கும் ஏ.சி. உள்ள கார்களில், டேஷ்போர்டில் சிறு துளைகளுக்குப் பின்னால் உள்வெப்பநிலையை அறியும் சென்சார் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு தெர்மிஸ்டர். உலோகக் கம்பி சூடானால் மின்தடை கூடும். தெர்மிஸ்டரிலோ சூடு ஏற ஏற மின்தடை குறையும். வெள்ளி சல்பைடில் இந்த இயல்பை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கண்டறிந்தார்.

காரின் கணினி 5 வோல்ட்டைத் தன்னுள் இருக்கும் மாறாத மின்தடை ஒன்றின் வழியாகத் தெர்மிஸ்டருக்கு அனுப்புகிறது. இரண்டும் தொடரிணைப்பில் உள்ளன. இரண்டும் 10 கிலோ ஓம் என்றால் தெர்மிஸ்டரின் குறுக்கே 2.5 வோல்ட் இருக்கும். சூடேறி அதன் மின்தடை 6.5 கிலோ ஓமாகக் குறைந்தால் ஏறத்தாழ 2 வோல்ட். இந்த வோல்ட்டைத்தான் கணினி வெப்பநிலையாகப் படிக்கிறது.

ஒயர் அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். கணினிக்கு அது கடுங்குளிர். இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால் 0 வோல்ட். அது கடும் வெப்பம். ஸ்கேனரைச் செருகினால் 'உள்வெப்பநிலை சென்சார் சுற்றில் பழுது' என்று வரும். பலர் உடனே சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். ஸ்கேனர் சொன்னது 'சுற்று' என்றுதான். சுற்றில் சென்சார், ஒயர், கனெக்டர், கணினி நான்கும் உண்டு. எலி கடித்த ஒயராக இருந்தால் புதுச் சென்சாரின் விலை வீண். பழுதும் அப்படியே இருக்கும்.

எனவே முதலில் வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்க்க வேண்டும். பிறகு சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடையை அளக்க வேண்டும். விரலால் பிடித்துச் சூடாக்கினால் எண் சீராக இறங்க வேண்டும். அடுத்து, சாவியைத் திருப்பி ஒயர் பக்கக் கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சென்சார் சரி, வோல்ட் இல்லை என்றால் கோளாறு ஒயரிலோ கணினியிலோ இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் வெப்பநிலை தவறாகக் காட்டினால், உள்காற்றை இழுத்துவரும் சிறு விசிறியிலோ குழாயிலோ தூசி அடைத்திருக்கலாம். ஏர்பேக் ஒயர்களை மட்டும் பழகாதவர்கள் தொடவே கூடாது.

இதை வகுப்பறையில் செய்ய கார் தேவையில்லை. மூன்று உலர் மின்கலங்கள், 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று, அதே அளவுத் தெர்மிஸ்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று போதும். மின்கலங்கள் தருவது 4.5 வோல்ட். அறை வெப்பநிலையில் தெர்மிஸ்டரின் குறுக்கே அதில் பாதியை ஒட்டி இருக்கும். மாணவர் அதை விரலால் பிடித்ததும் வோல்ட் இறங்கத் தொடங்கும்.

பிறகு மாணவர்கள் பார்க்காதபோது ஒரு பழுதை உண்டாக்குங்கள். மீட்டர் 0 காட்டுகிறது என்று வையுங்கள். "ஷார்ட்!" என்று வகுப்பே கத்தும். ஆனால் மின்கல ஒயர் கழன்றிருந்தாலும் 0-தான் வரும். ஒரே அளவீட்டுக்கு இரண்டு காரணங்கள். "எது என்று அறிய அடுத்து எங்கே அளப்பாய்? என்ன எண் வரும் என்று எதிர்பார்க்கிறாய்?" என்று கேளுங்கள். விடையை நோட்டில் எழுதிய பிறகே மீட்டரைத் தொட விடுங்கள். சூத்திரத்தில் எண்ணைப் போடுவதற்கும் சூத்திரத்தைக் கொண்டு யோசிப்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடைத்தாளில் நாம் போடும் மதிப்பெண்ணும் அந்த ஸ்கேனர் செய்தி போலத்தான். மின்னோட்டவியலில் 2 மதிப்பெண் வாங்கிய மாணவருக்கு ஓம் விதி புரியாமல் இருக்கலாம். தசம வகுத்தல் வராமல் இருக்கலாம். வினாவை வாசிப்பதே கடினமாக இருக்கலாம். 'மெல்லக் கற்பவர்' என்று பட்டியலில் சேர்த்துவிட்டால் மூவருக்கும் ஒரே பயிற்சித்தாள்தான் கிடைக்கும். அதற்கு முன் ஒரு கணக்கைக் கொடுத்து, எந்தப் படியில் நிற்கிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு கொடுக்கும் பயிற்சி வீணாகாது.