கரைக்குப் பொறுப்பு யார்?



1953 பிப்ரவரி 1 விடியுமுன் வடகடல் பொங்கி, நெதர்லாந்தின் தென்மேற்குக் கரைகளை உடைத்தது. இறந்தவர்கள் 1,836 பேர். கரைகள் தாங்காது என்பது யாருக்கும் தெரியாததல்ல. அரசின் நீர்ப்பணித் துறைப் பொறியாளர் யோஹன் வான் வேன் 1930களின் இறுதியிலிருந்தே கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் போர் வந்தது. போர் முடிந்ததும் இடிந்த வீடுகளைக் கட்டவே பணம் போதவில்லை. அவருடைய அறிக்கைகள் கோப்போடு நின்றன.

அன்று கரைகளைக் காத்தவை சுமார் 2,600 நீர் வாரியங்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே வேர்விட்ட ஏற்பாடு அது. தனித் தேர்தல், தனி வரி. பெருமைக்குரியதுதான். ஆனால் பல வாரியங்கள் மிகச் சிறியவை. நாலு ஊரின் வரிப்பணத்தை வைத்துக்கொண்டு கடலை எதிர்க்க முடியுமா?

மூன்று வாரத்துக்குள் டெல்டா ஆணையம் அமைந்தது. செயலர், அதே வான் வேன். ஹாலந்தின் மையப் பகுதியில், 10,000 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய கடல்மட்டத்தையும் கரை தாங்க வேண்டும் என்று ஆணையம் வரையறுத்தது. 1958இல் டெல்டா சட்டம் வந்தது. எண் ஒன்றை எழுதிவைத்துவிட்டால் பிறகு அதிகாரி மழுப்ப முடியாது. கரை அந்த அளவுக்கு இருக்கிறதா இல்லையா என்று எவரும் கேட்கலாம். வாரியங்களும் ஒன்றோடொன்று இணைந்து இன்று 21 ஆகிவிட்டன.

அடுத்த பாடத்தை ஆறுகள் கற்பித்தன. 1995இல் வெள்ளம் ஏறியபோது சுமார் இரண்டரை லட்சம் பேர் கால்நடைகளோடு வெளியேறினார்கள். கரை உடையவில்லை. உடையாத கரையைக் காட்டி மெத்தனமாக இருந்திருக்கலாம். அரசு அப்படி இருக்கவில்லை. கரையை உயர்த்திக்கொண்டே போவதைவிட ஆற்றுக்கு இடம் விடுவோம் என்று கொள்கையையே திருப்பியது. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வேலை நடந்தது. நைமேகன் நகருக்கு எதிரே லென்ட்டில் வால் ஆற்றின் கரையைச் சுமார் 350 மீட்டர் உள்ளே தள்ளினார்கள்; அதற்காகச் சுமார் 50 வீடுகள் போயின. ஓவர்டீப் என்னும் தாழ்நிலத்தில் உழவர்களே யோசனை சொன்னார்கள்: வெள்ளம் வந்தால் வயலுக்குள் வரட்டும், வீட்டையும் தொழுவத்தையும் மேட்டின்மேல் கட்டித் தாருங்கள். அரசு ஏற்றது. உழவர் சொன்னதைத் திட்டமாக்கும் வழி அலுவலகத்துக்குள் இருந்ததே இங்கு பெரிய செய்தி.

2012இல் மற்றொரு சட்டம், இம்முறை வெள்ளம் வருமுன்பே. அதன்படி டெல்டா நிதி தனியே ஒதுக்கப்பட்டது. டெல்டா ஆணையர் ஆண்டுதோறும் தயாரிக்கும் திட்டம் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. ஆட்சி மாறினாலும் வேலை நிற்பதில்லை.

இவ்வளவு இருந்தும் 2021 ஜூலையில் லிம்பர்க் மாகாணத்தில் கேல் என்னும் சிற்றாறு வால்கன்பர்க் நகருக்குள் புகுந்தது. கடலுக்கும் பேராறுகளுக்கும் இருந்த கண்டிப்பான அளவுகோல் மலைச்சரிவின் ஓடைகளுக்கு இல்லை. அடிக்கடி அச்சுறுத்தும் நீரின்மேலேயே நிறுவனங்களின் கண் இருக்கிறது. எங்கோ ஒருமுறை புரளும் ஓடைக்குப் பொறுப்பு யார், பணம் யாருடையது? இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வுக் கட்டுரைகள் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கட்டும்.