ஒரே எழுத்து, வேறு வேறு பட்டியல்



தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணியார் செக்ரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஏட்டை எவர் திறந்தாலும் ஒரே பெயர்கள்தாம் தெரியும். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அலுவலக வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஏட்டின் இடத்தில் கணினி இருக்கிறது. ஆனால் கணினியில் ஒரே எழுத்தைத் தட்டினாலும், இருவருக்கு இரு வேறு பட்டியல்கள் வருவதுண்டு. இது ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

தேடும் பெட்டியில் நாம் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியதுமே, “இதையா தேடுகிறீர்கள்?” என்று கேட்பதுபோல் சில பெயர்கள் கீழே வரிசையாக வரும். இவற்றைப் பரிந்துரைகள் என்கிறோம். கூகள் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் இதைச் சோதனையாகத் தொடங்கி, 2008இல் தன் முதற்பக்கத்திலேயே வைத்தது. இன்று சம்பளம், சரக்கு, கணக்கு ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் பலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது.

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு நிறுவனத்தில் அக்காளும் தங்கையும் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். அக்காள் சம்பளப் பிரிவு. தங்கை சரக்குப் பிரிவு. இருவரும் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுகிறார்கள். அக்காளுக்கு லெட்சுமி, லோகநாதன் என்று தொழிலாளர் பெயர்கள் வருகின்றன. தங்கைக்கோ லோரி வாடகைக் கணக்கு வருகிறது. கணினி கெட்டுப்போகவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பழக்கம். அடிக்கடி தேடுவதைக் கணினி நினைவில் வைத்து முன்னே நிறுத்துகிறது. அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்பு யார் யாருக்குக் கடிதம் அனுப்பினாரோ, அந்த முகவரிகளை அவருக்கென்று தனிப் பட்டியலாக அது சேர்த்து வைக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு அந்தப் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, அனுமதி. சம்பள விவரம் எல்லாருடைய கண்ணுக்கும் உரியதன்று. யார் எதைப் பார்க்கலாம் என்று நிறுவனம் வகுத்திருக்கும். பார்க்க அனுமதியில்லாத பெயர், நல்ல முறையில் அமைத்த மென்பொருளில் பரிந்துரையாகவும் தலைகாட்டாது. இது நமக்கும் நல்லதே. நம் குடும்பத்து விவரமும் அப்படித்தான் காக்கப்படுகிறது.

மூன்றாவது, அமைப்பு. ஒருவர் மலாய் மொழியிலும் இன்னொருவர் ஆங்கிலத்திலும் பயன்படுத்தலாம். ஒருவர் கிள்ளான் கிளையிலும் மற்றவர் கோலாலம்பூர்க் கிளையிலும் பதிவாகியிருக்கலாம். அதற்கேற்பவும் பட்டியல் மாறும்.

இனி, கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். பரிந்துரைப் பட்டியல் என்பது முழுப் பதிவேடு அன்று. அது ஒரு நினைவூட்டல்தான். இதை மறந்தால் இரண்டு தீங்குகள் நேரலாம்.

ஒன்று, முதலில் வந்த பெயரை அவசரத்தில் அழுத்திவிடுவது. ஒரே நிறுவனத்தில் மூன்று லெட்சுமிகள் இருக்கலாம். ஒருவருடைய கூடுதல் நேரச் சம்பளம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டால், பாதிக்கப்படுவது ஓர் ஏழைக் குடும்பத்தின் மாதச் செலவு.

மற்றொன்று, “பெயர் வரவில்லை, ஆகவே ஆளே இல்லை” என்று முடிவு கட்டுவது. நம்மவர் பெயர்களை ஆங்கில எழுத்தில் பலவிதமாக எழுதுகிறார்கள். லெட்சுமி என்ற பெயரை ஒருவர் ‘எல், ஏ, கே’ என்று தொடங்குவார். இன்னொருவர் ‘எல், ஈ, டி’ என்று தொடங்குவார். ஓர் எழுத்து மாறினாலும் பட்டியல் மாறிவிடும். முகப்பில் இருப்பவர் கணினியைப் பார்த்து “இல்லை” என்றால், மனம் தளர்ந்து திரும்பிவிடாதீர்கள். “அடையாளக் கார்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஐயா” என்று பணிவாகக் கேளுங்கள். 2001இல் அறிமுகமான மைகார்டில் 12 இலக்க எண் இருக்கிறது. அதன் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதியைக் குறிக்கின்றன. பெயர் ஒன்றாக இருக்கலாம். அந்த எண் இருவருக்கு ஒன்றாக இராது.

அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டியலில் வந்ததைத் தேர்ந்தெடுத்த பிறகு, எண்ணைச் சரிபார்த்த பின்னரே பணம் அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள். உடன் வேலை செய்பவருக்கு வரும் பெயர் உங்களுக்கு வராவிட்டால், அவருடைய கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள். மேலதிகாரியிடம் சொல்லி முறைப்படி அனுமதி பெறுங்கள்.

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. தனியார் நிறுவனம் தம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரத்தைக் கேட்டு அறியவும், பிழையிருந்தால் திருத்தச் சொல்லவும் அது நமக்கு உரிமை தருகிறது. உங்கள் பெயரின் எழுத்து, அடையாளக் கார்டில் உள்ளபடியே சம்பளச் சீட்டிலும் சேமநிதிக் கணக்கிலும் இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், தெரியாத பெரியவர்களுக்கு இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.