பிள்ளைக் கணக்கும் பிழைப்புக் கணக்கும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளரும் முதலாளிகளும் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்நாளில் தமிழ்நாட்டு மேடைகளில் ஜனத்தொகையைப் பற்றி இரண்டு கூக்குரல்கள் கேட்கின்றன. நம்முடைய பெருக்கம் குன்றிவிட்டது, பாராளுமன்றத்தில் நம் ஸ்தானங்கள் பறிபோகப்போகின்றன, ஆகையால் தமிழ்ப் பெண்கள் இன்னும் அதிகமாகப் பிள்ளைகளைப் பெற வேண்டும் என்பது ஒன்று. வடக்கேயிருந்து ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், நம் பிழைப்பில் மண் விழுகிறது, அவர்களை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது மற்றொன்று. ஒரே மேடையில் ஒரே மனிதர் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் முழங்கக் கேட்டிருக்கிறேன். முன்னது நம் பெண்களுக்கு இழைக்கும் அநியாயம். பின்னது, நம்மைப்போலவே வயிற்றுக்காகப் பரதேசம் போன ஏழைகளுக்கு இழைக்கும் அநியாயம். இவ்விரண்டையும் மறுத்துப் பேசுவதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1971ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 4 கோடியே 12 லட்சம். பீகார் ராஜ்யத்தின் இன்றைய எல்லைக்குள் அன்று வாழ்ந்தவர்கள் 4 கோடியே 21 லட்சம். ஏறக்குறைய சரிசமம் என்றே சொல்லலாம்; நமக்கு 39 எம்.பி.க்களும் அவர்களுக்கு 40 எம்.பி.க்களும் இருப்பது அந்தச் சரிசமத்தின் அடையாளம். நாற்பது வருஷம் கழித்து 2011ல் எண்ணியபோது நாம் 7 கோடியே 21 லட்சம். அவர்களோ 10 கோடியே 41 லட்சம்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? ஏதோ பஞ்சத்தாலோ கொள்ளைநோயாலோ நாம் குறைந்துபோகவில்லை. ஒரு பெண் தன் ஆயுளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8. பதினெட்டு வயது நிறையுமுன் கல்யாணம் முடிந்துவிட்ட இளம்பெண்கள், அதே ஆய்வின்படி, அங்கே நூற்றுக்கு 41 பேர். இங்கே 13 பேர். படித்த பெண்களோ, 2011 கணக்கில், அங்கே நூற்றுக்கு 51, இங்கே 73. இந்த மூன்று ஜோடி எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பிள்ளைக் கணக்கின் மூலகாரணம் பள்ளிக்கூடத்து வாசற்படியில் இருக்கிறது என்பது விளங்கும். கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசுவதே பாபம் என்று கருதப்பட்ட காலத்தில், 1930களிலேயே, பெண்ணின் உடம்பு பெண்ணுக்கே உரியது என்று பெரியார் எழுதினார். காமராஜர் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டார்கள். சோற்றுக்காக வந்த பெண் குழந்தை எழுத்தையும் கற்றது. கிராமத்து நர்ஸம்மா வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஆனால் இவர்களெல்லோரும் வழிதான் காட்டினார்கள். மாமியாரின் ஏச்சையும் அக்கம்பக்கத்தாரின் ஏளனத்தையும் தாங்கிக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டு, தையல் ஆறுமுன் களையெடுக்கவும் தறியோட்டவும் திரும்பிப் போனவர்கள் நம் தாய்மார்களே. ஆண்கள் அந்த ஆபரேஷனுக்கு எத்தனை பேர் முன்வந்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி உடம்பை அறுத்துக்கொடுத்த பெண்ணின் மகளிடம் இன்று வந்து, கணக்கு மாறிவிட்டது, தொகுதி குறையும் போலிருக்கிறது, ஆகையால் இன்னும் இரண்டு பெற்றுக் கொடு என்று கேட்கிறார்கள். இது எந்த ஊர் தர்மம்? குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தை ஊரெங்கும் சுவரில் எழுதிய சர்க்காருக்கு அன்று அவள் கருப்பை ஒரு புள்ளிவிவரம். பாராளுமன்ற ஸ்தானத்தை எண்ணுகிறவர்களுக்கு இன்று அது ஓட்டுப்பெட்டி. அவள் மனிதப் பிறவி என்பது எப்போது நினைவுக்கு வரும்? இந்த ஊர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண், பிரசவத்துக்குப் போய்த் திரும்பினால் அதே மெஷின் அவளுக்குக் கிடைக்குமென்று இங்கே இருக்கிற எத்தனை முதலாளிகள் வாக்குக் கொடுப்பீர்கள்? குழந்தையை விட்டுவைக்கக் காப்பகம் எத்தனை கம்பெனிகளில் இருக்கிறது? அதைச் செய்யாமல் பிள்ளை பெறச் சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை. தவிர, பிறப்பு கூடி ஜனத்தொகைக் கணக்கு மாறப் பல வருஷம் ஆகும்; ஸ்தானங்களின் விவகாரமோ நம் வாசலில் வந்து நிற்கிறது. பெண்களை வருத்தி நாம் தேடும் பரிகாரம் கணக்குப்படியும் பரிகாரமாகாது.

ஸ்தானங்களைப் பற்றிய மனக்குறை நியாயமானது. அதில் நான் எவருக்கும் பின்வாங்குகிறவன் அல்லன். குடும்பக் கட்டுப்பாட்டைச் சிரத்தையாக நடத்திய ராஜ்யங்கள் அதனாலேயே பிரதிநிதித்துவத்தை இழக்கக்கூடாது என்றுதான் 1976ல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் 1971ஆம் வருஷத்துக் கணக்கை நிலையாக நிறுத்திவைத்தது. 84ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் ஜனக்கணக்கு வரை நீட்டியது. 2027 மார்ச் 1ஆம் தேதியைக் குறித்து எடுக்கவிருப்பது அந்தக் கணக்குத்தான். தேசம் கேட்டதைச் செய்தவனுக்குத் தண்டனையும் செய்யாதவனுக்கு வெகுமதியும் தருவது சமஷ்டி தர்மத்துக்கு விரோதம் என்று டில்லியில் வாதாடுவோம். எல்லாத் தென்னாட்டு ராஜ்யங்களும் கூடி வாதாடுவோம். ஆனால் அந்த வழக்கில் பிரதிவாதி யார்? ரெண்டு பாலியெஸ்டர் சட்டையும் ஒரு ஜமக்காளமுமாகத் தன்பாத் ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ராத்திரியெல்லாம் நின்றுகொண்டு வந்து, நம் ஸ்டேஷனில் இறங்கி, காண்ட்ராக்ட்காரன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று திகைக்கிறானே, அந்தப் பையனா? அவன் எந்தச் சட்டத்தை எழுதினான்?

அவன் ஏன் வருகிறான் என்பதைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. அவன் பிரதேசத்தில் நிலப்பிரபுக்களின் ஆதிக்கம் கெட்டியானது. பெண்களின் கல்வியை அங்கே ஆண்டவர்கள் அலட்சியம் செய்தார்கள். 2008ல் கோசி நதி கரையை உடைத்துக்கொண்டு ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிற்று. இவையெல்லாம் உண்மை. நமக்குச் சம்பந்தப்பட்ட இன்னொரு உண்மையும் இருக்கிறது. 1950களில் தொடங்கி 1990களின் முற்பகுதி வரையில், சரக்குக் கட்டணச் சமன்பாடு என்ற ஒரு கொள்கையை மத்திய சர்க்கார் அனுசரித்து வந்தது. ஜரியா சுரங்கங்களின் நிலக்கரியும் ஜம்ஷெட்பூர் உருக்கும் அன்றைய பீகாரிலிருந்து வந்தவை. அந்தக் கொள்கையின் பலனாக, சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைப்பவனுக்கும் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் வைப்பவனுக்கும் அச்சரக்குகள் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்தன. இரும்பு பூமிக்கு இயற்கை கொடுத்திருந்த அனுகூலம் ஒரே உத்தரவில் போயிற்று. துறைமுகமும் மூலதனமும் உள்ள மேற்குக் கரையிலும் தெற்கிலும் தொழில்கள் பெருகின. கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளுக்கும் பம்புசெட்டுப் பட்டறைகளுக்கும் அதில் பங்கு இல்லையென்று எவர் சொல்ல முடியும்? நம் உழைப்பும் சாமர்த்தியமும் பெரியவை, மறுக்கவில்லை. ஆனால் அவன் வீட்டு இரும்பு முதலில் வந்தது, பிறகு அவன் வந்தான். இரும்பை வரவேற்ற நாம் மனிதனை விரட்டுவது எந்த நீதி?

இன்னும் சற்றுப் பின்னோக்கிப் போவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி, கல்கத்தாத் துறைமுகத்தில் போஜ்புரி பேசும் குடியானவர்களையும் சென்னைத் துறைமுகத்தில் நம்மவர்களையும் வெள்ளைக்காரன் கப்பலேற்றினான். மொரீஷியஸிலும் நேட்டாலிலும் பிஜியிலும் ஒரே கரும்புக் காட்டில் இவர்களும் அவர்களும் வெட்டினார்கள். 1860 நவம்பரில் நேட்டால் கரையை முதன்முதலில் அடைந்த ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் சென்னையிலிருந்து போனதுதான். இலங்கைக்கோ கங்காணி அழைத்துப்போனான். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, காய்ச்சலில் பாதி வழியில் மடிந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் மலையேறி, காப்பித் தோட்டத்தையும் அது அழிந்தபின் தேயிலைத் தோட்டத்தையும் உண்டாக்கினார்கள். பிறகு என்ன நடந்தது? கொழும்பில் மேடைகள் எழுந்தன. இந்தியர்கள் நம் பிழைப்பைப் பறிக்கிறார்கள், குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், நாளைக்கு ஓட்டுரிமை கொடுத்தால் நம்மையே ஆளவந்துவிடுவார்கள் என்று முழங்கினார்கள். 1939ல் சர்க்கார் வேலையிலிருந்த இந்திய தினக்கூலிகளை நீக்கத் தொடங்கினார்கள்; ஜவாஹர்லால் நேரு நேரில் போய்ப் பேசியும் பயன்படவில்லை; அவ்வருஷமே இந்தியா கூலியாட்கள் அங்கே போவதைத் தடுத்தது. 1948ல் சுதந்திர இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் பிரஜையல்லாதவர்களாக்கியது. 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை, 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று பாகம் பிரித்தார்கள். அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

அந்தக் கொழும்பு மேடைகளின் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் இன்று தமிழில் கேட்கிறேன். என் இருதயம் பதறுகிறது, தோழர்களே!

அந்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களில் பல குடும்பங்களை நீலகிரியில் குடியேற்றினார்கள். தேயிலை விலை விழுந்தது. 2001க்கும் 2011க்கும் இடையில் நீலகிரி ஜில்லாவின் ஜனத்தொகை 7 லட்சத்து 62 ஆயிரத்திலிருந்து 7 லட்சத்து 35 ஆயிரமாக இறங்கிற்று. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் மலையிறங்கி இந்தக் கொங்கு நாட்டுக்கு வந்து மில்லிலும் பனியன் கம்பெனியிலும் சேர்ந்தார்கள். இப்போது நீலகிரியிலும் வால்பாறையிலும் ஜார்கண்ட் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் வந்து இந்த ஊரை ஊராக்கியவர்கள் எத்தனையோ பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ஒருவர் நகர்ந்த இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பது திருப்பூருக்குப் புதிதல்ல.

உங்கள் குறை என்ன என்பதும் எனக்குத் தெரியும். பீஸ் ரேட்டு ஏறவில்லை, வடநாட்டுக்காரன் குறைத்து வாங்கிக்கொள்கிறான், அவனைக் காட்டியே நம்மை மிரட்டுகிறார்கள் என்கிறீர்கள். குறை மெய்தான். 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. ஆனால் இன்று சங்கமும் முதலாளிகளும் கூடிப் பேசிச் செய்யும் கூலி ஒப்பந்தம் காண்ட்ராக்ட்காரனின் நோட்டுக்குள் நுழைவதில்லை. அந்த நோட்டில் பெயர் இல்லாத ஆளுக்கு பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, விரல் நசுங்கினால் கேட்பாரில்லை. அவன் குறைந்த கூலிக்கு ஆசைப்பட்டு வரவில்லை. குறைந்த கூலிக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறான். அவனைச் சங்கத்தில் சேர்த்திருந்தால் அவனைக் காட்டி உங்களை மிரட்ட ஒருவராலும் முடியாது. சங்கத் தலைவர்களைப் பார்த்துக் கேட்கிறேன்: உங்கள் உறுப்பினர் புஸ்தகத்தில் ஒடியாப் பெயர் எத்தனை? ஹிந்தியில் அச்சடித்த துண்டுப் பிரசுரம் எத்தனை?

முதலாளிப் பெருமக்களே, அவன் லீவு கேட்பதில்லை, ஒன்றரை ஷிப்டுக்கும் முகம் சுளிப்பதில்லை என்று மெச்சுகிறீர்கள். அவன் குடியிருக்கும் லைன் வீட்டுக்குள் ஒருநாள் போய்ப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். பகல் ஷிப்டு முடிந்து வருகிறவன், ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்த பாயிலேயே சூடு ஆறுமுன் படுக்கிறான். கொடியில் ஈரத் துணி, மூலையில் உருளைக்கிழங்கு மூட்டையும் சிலிண்டரும், ஜன்னல் இல்லாத சுவரில் ஊரிலிருக்கும் குழந்தையின் போட்டோ. லைனுக்கு ஒரே கக்கூஸ். அங்கே குடும்பத்தோடு வந்திருப்பவர்களின் பிள்ளைகள் பகலில் வாசலில் விளையாடிக்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள்! தமிழ் அவர்கள் வாயில் தெருவிலிருந்தே வந்துவிட்டது. ஏட்டைத்தான் எவரும் கையில் கொடுக்கவில்லை.

2023 மார்ச் மாதத்தில் பொய்யான வீடியோக்கள் பரவி, தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்ற பீதியில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் குவிந்தபோது இந்த ஊர் கம்பெனிகள் கலங்கின. பீகார் சர்க்கார் அனுப்பிய அதிகாரிகள் வந்து விசாரித்து, செய்தி பொய்யென்று அறிந்து திரும்பினார்கள். நம் மேல் குற்றமில்லை என்று நாம் ஆறுதலடைந்தோம். ஒரு பொய் அத்தனை சுலபமாக அவர்களைக் கிளப்பிவிட்டதென்றால், இங்கே வேர்பிடிக்க நாம் அவர்களுக்கு ஒரு பிடி மண்கூடத் தரவில்லை என்று அர்த்தம். 2020ல் ஊரடங்கு போட்டபோது கால்நடையாகவே புறப்பட்டார்களே, அப்போதே நாம் விழித்திருக்க வேண்டும்.

அவர்களுக்கு இங்கே ஓட்டு வந்துவிட்டால் தமிழன் கதி என்ன என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே அவர் பெயர் பதிவாக வேண்டும் என்கிறது. பம்பாயில் குடியேறிய நம்மவர் அந்தச் சட்டத்தால்தான் அங்கே வோட்டர்கள் ஆனார்கள். 1966க்குப் பிறகு அங்கே மதராஸிகளை விரட்டக் கிளம்பிய இயக்கத்தின் நடுவிலும் நின்று பிழைத்தார்கள். தாராவியில் தமிழனுக்கு நியாயமானது திருப்பூரில் பீகாரிக்கு அநியாயமாகுமா? பத்து வருஷம் இங்கே உழைத்து, இங்கே பிள்ளை வளர்த்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதைப் படிக்கவைத்தவன் இந்த ஊரான். அவன் பிள்ளை தமிழ்ப் பிள்ளையாகவே வளரும். நம்முள் வயோதிகர் பெருகுகிறார்கள். 2031ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 18 பேர் அறுபதைக் கடந்தவர்களாயிருப்பார்கள் என்று மத்திய சர்க்காரின் நிபுணர் குழு கணித்திருக்கிறது. அப்போது இந்த ஊர் மெஷின்களை ஓட்டப்போகிற கைகள், இன்று அந்த லைன் வீட்டு வாசலில் மண்ணில் விளையாடுகின்றன.

ஆகவே இக்கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். வருகிற ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்குமுன், ஒவ்வொரு கம்பெனியும் தன் காண்ட்ராக்டில் வேலை செய்வோர் உட்பட எல்லாத் தொழிலாளரின் பெயரையும் தன் சொந்த ரிஜிஸ்தரில் ஏற்ற வேண்டும். அவர்கள் வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை என்று எழுதிச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். சங்கம் அப்பிள்ளைகளை அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஜனக்கணக்கு எடுக்க வரும் ஆசிரியர் எந்த லைன் வீட்டையும் பூட்டிக் கிடக்கிறது என்று தாண்டிப் போகாதபடி அவரோடு சங்கத்து ஆள் ஒருவர் நடக்க வேண்டும். இதை வழிமொழிய முதலாளிகள் தரப்பில் ஒருவரும், சங்கத்தின் தரப்பில் ஒருவரும், தையல் மெஷினில் வேலை செய்யும் தாய்மார்களில் ஒருவரும் இப்போதே மேடைக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.