தலைமுழுகினா முடிஞ்சிடுமா? பிரிவுக்கு அப்புறம் ஒவ்வொருத்தரும் தேடுற முடிவு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

திருவண்ணாமலையில இருந்து பேசறேன்.

இந்த நிகழ்ச்சிக்குத் திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம், "ஏன் போனான்னே தெரியல. ஒரே ஒரு தடவை உக்காந்து பேசிட்டா போதும், நான் மூவ் ஆன் ஆயிடுவேன்." இன்னொரு பக்கம், "நான்தான் விட்டுட்டு வந்தேன். பேசினா திரும்ப மாட்டிப்பேன். பேசாம இருக்கறது தப்பா?" ரெண்டு பேரும் கேக்கறது ஒண்ணுதான். குளோஷர். ஆனா ஒருத்தருக்கு அது பேச்சுல இருக்கு, இன்னொருத்தருக்கு மௌனத்துல இருக்கு. இதுல யார் சரி?

தமிழ்ல குளோஷருக்கு நேரான வார்த்தை இல்லை. ஆனா அந்த விஷயத்தை நாம தினமும் பேசறோம். "அவனைத் தலைமுழுகிட்டேன்"னு சொல்றோம் இல்லையா? அது சாவு வீட்டுல இருந்து வந்த பேச்சு. சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும். உயிரோட இருக்கற ஒருத்தரைப் பத்தி அப்படிச் சொன்னா, என் வரைக்கும் அவர் இல்லைன்னு அர்த்தம். இன்னொரு வார்த்தையும் வச்சிருக்கோம்: "மனசு ஆறல." பால் ஆறும், புண் ஆறும், மனசும் ஆறும். தலைமுழுகறது ஒரே நாள்ல முடியற வேலை. ஆறறது அப்படி இல்லை, அதுக்கு நேரம் எடுக்கும். குளோஷர் கேக்கற நிறைய பேர் முதலாவதைக் கேக்கறாங்க. கிடைக்கறது பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

இதுக்கு ஒரு நிஜக் கதை எங்க ஊர்லயே இருக்கு. ரமண மகரிஷியை ஞானியா உங்களுக்குத் தெரியும். இது ஆன்மிக எபிசோட் இல்லை. நாம இன்னைக்குப் பார்க்கப் போறது அந்தக் குடும்பத்தை. வீட்டை விட்டுப் போன ஒரு பையன், பின்னாடியே தேடி வந்த ஒரு அம்மா.

ஒரு கடிதம், ரெண்டு ரூபா

1896 ஆகஸ்ட் 29. மதுரை. வேங்கடராமனுக்கு 16 வயசு. அப்பா சுந்தரம் ஐயர் 1892லயே இறந்துட்டார். பையன் சித்தப்பா வீட்டுல இருந்து படிச்சுக்கிட்டிருந்தார். அன்னைக்கு அண்ணனோட காலேஜ் ஃபீஸ் கட்ட 5 ரூபா எடுத்துக்கச் சொல்லியிருந்தாங்க. அதுல 3 ரூபாயை வழிச்செலவுக்கு எடுத்துக்கிட்டார். மீதி 2 ரூபாயோட ஒரு கடிதம் வச்சிட்டுக் கிளம்பினார்.

கடிதத்துல இருந்த விஷயம் இவ்வளவுதான். என் தகப்பனைத் தேடிப் போறேன், அவர் உத்தரவுப்படி போறேன். தகப்பன்னு சொன்னது அருணாசலத்தை. இது நல்ல காரியம்தான், யாரும் வருத்தப்பட வேண்டாம். தேடறதுக்காகப் பணம் செலவு பண்ண வேண்டாம். அப்புறம் அண்ணனுக்கு ஒரு வரி: உன் ஃபீஸ் இன்னும் கட்டல, 2 ரூபா இதோட இருக்கு. எந்த ஊருக்குன்னு எழுதல. கடைசியில கையெழுத்தும் போடல.

இந்தக் காலத்துல இதை கோஸ்டிங்னு சொல்லுவோமா? எனக்கு அப்படித் தோணல. தானா விரும்பித்தான் போறேன், ஆபத்து ஒண்ணும் இல்லை, தேடி அலையாதீங்கன்னு சொல்லியாச்சு. பணக் கணக்கைக்கூட ஒப்படைச்சாச்சு. போறவங்க கொடுக்க வேண்டிய குறைஞ்சபட்சம் அதுல இருக்கு. ஆனா திரும்பி வர்ற வழியை அடைச்சிட்டார். வழியில கீழூர்ல காதுக் கடுக்கனை அடகு வச்சு 4 ரூபா வாங்கினார். மீட்கறதுக்காகக் கொடுத்த சீட்டைக் கிழிச்சுப் போட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்ததும், கையில மிச்சம் இருந்த காசை அய்யங்குளத்துல வீசிட்டார். மொட்டை அடிச்சுக்கிட்டார்.

பதில் கேட்டு வந்த அம்மா

அம்மா பேர் அழகம்மாள். பையன் எங்கேன்னு தெரியறதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு. 1898ல தகவல் கிடைச்சதும் முதல்ல இன்னொரு சித்தப்பா நெல்லையப்ப ஐயர் வந்தார். கூப்பிட்டுப் பார்த்தார், பலிக்கல, திரும்பிட்டார். அதே வருஷம் டிசம்பர்ல அழகம்மாள் பெரிய மகன் நாகசாமியைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பையன் அப்போ பவழக்குன்றுல இருந்தார். அழுக்குத் துணி, சடை பிடிச்ச முடி. அம்மா தினமும் ஏதாவது தின்பண்டம் எடுத்துக்கிட்டு மேல ஏறி வந்து, "வா, வீட்டுக்குப் போகலாம்"னு கெஞ்சினாங்க. அவர் வாயே திறக்கல. ஒரு நாள் அவங்க வெடிச்சு அழுதப்போ எழுந்து போயிட்டார்.

பக்கத்துல இருந்தவங்களுக்கே பொறுக்கல. வாயால சொல்லலைன்னாலும் எழுதியாவது கொடுங்கன்னு பேப்பரும் பென்சிலும் நீட்டினாங்க. எழுதிக் கொடுத்தார். நடக்கணும்னு இருக்கறது நடக்கும், நடக்காதுன்னு இருக்கறது என்ன முயற்சி பண்ணினாலும் நடக்காது, அதனால மௌனமா இருக்கறதே நல்லதுங்கற அர்த்தத்துல.

உங்கள்ல நிறைய பேர் காத்துக்கிட்டிருக்கற அந்த 'கடைசிப் பதில்' அவங்களுக்குக் கிடைச்சாச்சு. நேர்ல, எழுத்துல. மனசு ஆறிச்சா? அவங்க ஊர் திரும்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "ஏன்டா என்னை விட்டுட்டு வந்தே?"ங்கற கேள்விக்கு விதியைப் பத்தின பதில் எப்படிப் போதும்?

கதையை இங்க கொஞ்சம் நிறுத்தறேன். ஏன்னா நம்ம விஷயத்தோட முடிச்சு இங்கதான் இருக்கு. பதில் கொடுக்கறவங்க அவங்க சுபாவத்துல இருந்துதான் கொடுப்பாங்க. நாம அதை நம்ம சுபாவத்தோட கேக்கறோம். ரெண்டும் பொருந்தறது அபூர்வம்.

நாலு சுபாவம்

பதினாறு டைப் டெஸ்ட் எழுதிட்டு, "நான் இந்த நாலெழுத்து, அதான் இப்படி"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த டெஸ்ட்டைத் திரும்ப எழுதினா நிறைய பேருக்கு வேற ரிசல்ட் வருது. அதனால டைப்புன்னு இல்லாம, பிரிவு நேரத்துல யார் எந்தப் பக்கம் சாயறாங்கன்னு பார்க்கலாம். ஒரே ஆள் ரெண்டு மூணு பக்கம் சாயலாம்.

முதல் வகை, வெட்டிட்டுப் போறவங்க. குழந்தை அம்மாவோட எப்படி ஒட்டுதுன்னு பவுல்பியும் ஐன்ஸ்வொர்த்தும் ஆராய்ச்சி பண்ணினாங்க. ஹேசனும் ஷேவரும் 1987ல அதைப் பெரியவங்க காதலுக்குப் பொருத்திப் பார்த்தாங்க. அதுல வர்ற 'அவாய்டன்ட்' பக்கம் இது. நம்பரை பிளாக் பண்ணுவாங்க, போட்டோவை அழிப்பாங்க, வேற ஊருக்கு மாறுவாங்க. இவங்களுக்குப் பேச்சு, புண்ணைக் கிளறற வேலை. வெளியில இருந்து பார்த்தா கல்நெஞ்சமா தெரியும். உள்ள வலி இல்லைன்னு நினைச்சுடாதீங்க. தள்ளிப் போட்டிருப்பாங்க.

ரெண்டாவது, கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு நிக்கறவங்க. 'லாஸ்ட் சீன்' பார்ப்பாங்க, பழைய சாட்டை ராத்திரி ரெண்டு மணிக்குத் திரும்பப் படிப்பாங்க. ஒரு பதில் கிடைச்சா அதுல இருந்து அடுத்த கேள்வி முளைக்கும். இவங்களுக்கு வேண்டியது பல நேரம் காரணம் இல்லை. "நான் உனக்கு முக்கியமா இருந்தேனா?"ங்கறதுக்கு ஒரு சாட்சி.

மூணாவது, சட்டுனு முடிவு கட்டறவங்க. க்ருக்லான்ஸ்கிங்கற உளவியலாளர் இதைப் பல வருஷம் ஆராய்ஞ்சார். 1994ல வெப்ஸ்டர்ங்கற சக ஆராய்ச்சியாளரோட இதை அளக்க ஒரு ஸ்கேலே கொண்டுவந்தார். சிலருக்குத் தெளிவில்லாம இருக்கறது தாங்காது. முதல்ல கையில கிடைக்கற விளக்கத்தைப் பிடிச்சுக்குவாங்க, அப்புறம் அதை விடவே மாட்டாங்க. "அவ டாக்ஸிக்." இல்லைன்னா, "என்கிட்டதான் ஏதோ குறை." நிம்மதி உடனே வரும். அந்த விளக்கம் உண்மையான்னு பார்க்கறதுக்குத்தான் கதவு மூடிடும்.

நாலாவது, கையால ஆத்திக்கறவங்க. துக்கத்தைப் பத்தி எழுதின டோக்காவும் மார்ட்டினும் இதைப் பிரிச்சுக் காட்டறாங்க. சிலர் அழுது, பேசி ஆத்துவாங்க. சிலர் ஏதாவது செஞ்சு ஆத்துவாங்க. வீட்டை ஒழிப்பாங்க, சமைப்பாங்க, ஓடுவாங்க. "ஒரு சொட்டு கண்ணீர் விடல பாரு"ன்னு இவங்களைத்தான் ஊர் பேசும்.

18 வருஷம் கழிச்சு

இப்போ அழகம்மாள்கிட்ட திரும்பி வருவோம். அவங்க தலைமுழுகல. நடுவுல சில தடவை வந்து பார்த்தாங்க. 1914ல இங்க வந்திருந்தப்போ கடுமையான காய்ச்சல்ல விழுந்தாங்க. அன்னைக்கு வாயே திறக்காத அதே மகன்தான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டார். அம்மா பிழைக்கணும்னு அருணாசலத்தை வேண்டி நாலு பாட்டு எழுதினார்.

1916ல அவங்க ஒரேயடியா இங்கேயே வந்துட்டாங்க. முதல்ல விரூபாட்ச குகை, அப்புறம் கந்தாசிரமம். ஆரம்பத்துல அவர் மத்தவங்களோட பேசுவார், அம்மாகிட்ட பேசாம இருப்பார். அவங்களுக்கு அது குத்தும். ஆனா அம்மா சமைக்க ஆரம்பிச்சாங்க. அங்க அடுப்பு எரிஞ்சது அவங்க வந்த அப்புறம்தான். ஒரு நாள் அப்பளம் இட ஒத்தாசைக்குக் கூப்பிட்டாங்க. அதுல பிறந்ததுதான் 'அப்பளப் பாட்டு'. மகனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தவங்க, கடைசியில மகன் இருந்த இடத்தை வீடாக்கிக்கிட்டாங்க.

1922 மே 19. அழகம்மாளோட கடைசி நாள். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ரமணர் பக்கத்துலயே உக்காந்திருந்தார், ஒரு கை நெஞ்சுல, ஒரு கை தலையில. பக்தர்கள் அதை முக்தின்னு சொல்லுவாங்க. மலையடிவாரத்துல சமாதி வச்சாங்க. அவர் கந்தாசிரமத்துல இருந்து அடிக்கடி இறங்கி வந்து பார்த்துட்டுப் போவார். சில மாசம் கழிச்சு, அந்த வருஷ டிசம்பர்ல, வந்தவர் திரும்பி ஏறல. அந்தச் சமாதியைச் சுத்தி வளர்ந்ததுதான் இன்னைக்குச் செங்கம் ரோட்டுல இருக்கற ரமணாசிரமம். அம்மா சமாதி மேல மாத்ருபூதேஸ்வரர் கோயில். 1949ல கும்பாபிஷேகம். 1950 ஏப்ரல் 14ல அவர் மறைஞ்சப்போ அவருக்கும் அதை ஒட்டியே சமாதி.

அடகுச் சீட்டைக் கிழிச்சுப் போட்டவர், கடைசி 27 வருஷத்துக்கு மேல அம்மா சமாதிக்குப் பக்கத்துல இருந்தார். யார் மூவ் ஆன் ஆனாங்க, யார் ஆகலைன்னு இதுல எப்படிச் சொல்லுவீங்க? ரெண்டு பேருமே நகர்ந்தாங்க. உறவு முடியல, வேற உறவா மாறிச்சு. 1996ல க்ளாஸ், சில்வர்மன், நிக்மன்னு மூணு பேர் தொகுத்த ஒரு புத்தகம், பந்தத்தை அறுக்கறது மட்டும்தான் துக்கத்தோட முடிவுங்கற பழைய எண்ணத்தைக் கேள்வி கேட்டுச்சு. நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. பதினாறாம் நாள் கருமாதி பண்றோம். அதோட விட்டுடறோமா? வருஷா வருஷம் திதி கொடுக்கறோம். மறக்கறதுக்கு ஒரு நாள், நினைக்கறதுக்கு ஒரு நாள், ரெண்டையும் காலண்டர்ல வச்சிருக்கோம். காதல் முறிஞ்சா, நட்பு உடைஞ்சா மட்டும் அந்த மாதிரி ஒரு நாள் இல்லை. அதான் அது இழுத்துக்கிட்டே போகுது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

"அந்தம்மாவுக்கு மகன் இருந்தார், போய்ச் சேர்ந்தாங்க. என் ஆளு வேற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாச்சு"ன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். எல்லா உறவும் திரும்பக் கூடாது. உங்களை அடிச்சவங்ககிட்ட, மிரட்டினவங்ககிட்ட விளக்கம் கேட்டுத் திரும்பவும் போகாதீங்க.

பதில் வராதுன்னு தெரிஞ்சவங்களுக்குப் பாலின் பாஸ் சொன்னது உதவும். போர்ல காணாமப் போன அமெரிக்க வீரர்களோட குடும்பங்களை 1970கள்ல ஆராய்ஞ்சவங்க அவங்க. இருக்காரா இல்லையான்னே தெரியாத இழப்புல, முழு முடிவுன்னு ஒண்ணைத் தேடறதே ஆளைத் தேய்க்கும்னு சொல்றாங்க. ரெண்டு உண்மையையும் ஒரே நேரத்துல வச்சுக்கப் பழகணும். போயாச்சு, மனசுல இருக்காங்க. ரெண்டும் சரிதான்.

வெட்டிட்டுப் போறவங்களுக்கு: மௌனம் உங்க உரிமை. ஆனா அதுக்கு முன்னாடி நாலு வரி கொடுங்க. நானா எடுத்த முடிவு, நான் பத்திரமா இருக்கேன், காத்திருக்க வேண்டாம். கொடுக்க வேண்டிய பணம் இருந்தா அதையும். 16 வயசுப் பையனால அதைச் செய்ய முடிஞ்சது.

பதிலுக்குக் காத்திருக்கறவங்களுக்கு: எனக்கு எது குறையுதுன்னு பிரிச்சுப் பாருங்க. செய்தியா, காரணமா, இல்லை நான் முக்கியமா இருந்தேன்ங்கற சாட்சியா? செய்தியைக் கேட்டு வாங்கலாம். காரணம் பாதிதான் வரும். சாட்சி விட்டுட்டுப் போனவங்ககிட்ட இருந்து வர்றது கஷ்டம். அதை உங்களை அறிஞ்ச நண்பர்கள்கிட்ட கேளுங்க. அனுப்பாத கடிதமும் ஒரு வழி. பென்னிபேக்கர் 1986ல வெளியிட்ட ஆய்வுல, மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம் மனசை அழுத்தற விஷயத்தை எழுத வச்சார். அந்த நேரம் பாரமா இருந்தாலும், போகப் போக உதவினதாத் தெரிஞ்சது.

சட்டுனு முடிவு கட்டறவங்களுக்கு: இப்போதைக்கு அந்த விளக்கத்தைப் பென்சில்ல எழுதிக்கோங்க. மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாருங்க.

கையால ஆத்திக்கறவங்களுக்கு: செய்ங்க, உங்க வழி அது. ஒருத்தர்கிட்டயாவது "எனக்கு வலிக்குது"ன்னு வாயால சொல்லிடுங்க.

பௌர்ணமிக்கு இங்க கிரிவலம் வர்றவங்க நிறைய பேர் இதைத்தான் சுமந்துக்கிட்டு வர்றாங்க. 14 கிலோமீட்டர். சுத்தினா மறந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். நாலு மணி நேரம் போனைப் பார்க்காம நடக்கலாம், அது நிச்சயம்.

வாரக்கணக்கா தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கல, உயிரை விட்டுடலாம்னு தோணுதுன்னா, அது குளோஷர் விஷயம் இல்லை, உதவி கேக்க வேண்டிய விஷயம். 14416க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசோட இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம்.

இந்த நாலுல நீங்க எந்தப் பக்கம் சாயறீங்க, உங்களை விட்டுப் போனவங்க எந்தப் பக்கம்? இந்த வாரம் அதை மட்டும் யோசிச்சு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல நட்பு முறியறதைப் பத்திப் பேசலாம்.