சித்திரக் கதையிலிருந்து நாவலுக்கு

சித்திரக் கதை எழுதுவோரை இலக்கிய உலகம் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. சிறுவர் பொழுதுபோக்குக்காகக் கூலிக்கு எழுதுவோர் என்பதே அவர்களைப் பற்றிய பொது எண்ணம். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய அமெரிக்க எழுத்தாளர் ஆல்பிரட் பெஸ்டரின் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

பெஸ்டர் 1913ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். சட்டக் கல்வியைத் தொடங்கி இடையிலே கைவிட்டார். 1939இல் பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில் அவருடைய முதல் விஞ்ஞானக் கதை 50 டாலர் பரிசு பெற்றது. அப்பத்திரிகையின் ஆசிரியர் இருவர் பின்னர் சூப்பர்மேன் கதைகளை வெளியிட்ட நிறுவனத்துக்கு மாறினர். பெஸ்டரும் அவர்களைப் பின்தொடர்ந்து சென்றார். அங்கே சூப்பர்மேன், கிரீன் லாண்டர்ன் முதலிய வீரர்களுக்குக் கதை புனைந்தார்.

சித்திரக் கதையின் ஆசிரியர் படம் வரைபவர் அல்லர். ஒவ்வொரு கட்டத்திலும் எக்காட்சி இடம்பெற வேண்டும், யார் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதே அவர் தொழில். கட்டமோ சிறிது, பேச்சுக்குரிய இடம் அதனினும் சிறிது. வருணனையை ஓவியர் கவனித்துக்கொள்வார். ஆகவே செயலையும் உரையாடலையும் கொண்டே கதை நடந்தாக வேண்டும். இச்சிக்கனத்தைத் தாம் அங்கே கற்றதாகவும், தம்மிடமிருந்த மட்டமான எழுத்தையெல்லாம் அங்கேயே எழுதித் தீர்த்ததாகவும் பெஸ்டர் பிற்காலத்தில் கூறினார். பின்னர் 'சார்லி சான்' போன்ற வானொலித் துப்பறியும் நாடகங்களை எழுதினார். கண்ணுக்கு எழுதியவர் செவிக்கும் எழுதக் கற்றார்.

இவ்விரு பயிற்சியின் விளைவே 1953இல் நூலாக வெளிவந்த 'தி டெமாலிஷ்டு மேன்' என்னும் நாவல். இருபத்து நான்காம் நூற்றாண்டு. பிறர் மனத்தைப் படிக்க வல்லோர் காவல் துறையில் இருக்கின்றனர். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொலையே நிகழவில்லை. அத்தகைய உலகில் பெருஞ்செல்வர் ஒருவர் கொலை செய்யத் துணிகிறார். எண்ணமே காட்டிக்கொடுத்துவிடுமே, எப்படி மறைப்பது? விளம்பரப் பாட்டைப் போல நினைவை விட்டு அகலாத ஒரு சிறு பாடலை மனத்துள் ஓயாமல் சுழலவிடுகிறார். திட்டம் அதன் பின்னே ஒளிந்துகொள்கிறது! அது செவியறிந்தவரின் கற்பனை. மனத்தால் பேசுவோர் கூடும் விருந்திலோ, அவர்தம் பேச்சு அச்சுப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கிறது. அது சித்திரக் கதைப் பக்கத்தைக் கட்டங்களாகக் கண்டு பழகியவரின் கைவண்ணம்.

நாவலுக்கான முதல் ஹியூகோ பரிசு 1953இல் இந்நூலுக்கே கிடைத்தது. 1956இல் 'தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்' என்ற மற்றொரு சிறந்த நாவல் வெளிவரத் தொடங்கியது. பிறகு அவர் 'ஹாலிடே' என்னும் பயணப் பத்திரிகையில் பல்லாண்டுகள் உழைத்தார். அடுத்த விஞ்ஞான நாவல் வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்னவற்றின் புகழ் வாய்க்கவில்லை. 1987இல் அவர் மறைந்தார்.

சித்திரக் கதை எழுதிய பலருள் பெஸ்டரைப் போல் நாவலில் புகழ் பெற்றோர் சிலரே. அத்தொழில் மட்டுமே ஒருவரை நாவலாசிரியர் ஆக்கிவிடாது. ஆயினும், கற்கும் மனம் உடையவருக்கு அதன் சிறு கட்டமும் ஒரு பள்ளியாகும். சில சொற்களில் சொல்லப் பழகிய கைக்கே பரந்த நாவலும் வசப்பட்டது.