சொல்லற்ற பாட்டும் சொற்கட்டும்

கவிஞர்கள் கூடிய அவையில் சொல்லே இல்லாத பாடல்களைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும் சந்தத்தைச் செவியில் சுமந்து திரிபவர்களுக்குச் 'சக்தி' என்னும் இசைக்குழு அயலானதன்று.

இங்கிலாந்தில் பிறந்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் 1971இல் அமெரிக்காவில் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா'வைத் தொடங்கினார். ஜாஸின் கற்பனையையும் ராக் இசையின் மின்வேகத்தையும் இணைத்த குழு அது. 1973இல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' இசைத்தட்டு நன்கு விற்றது. அப்புகழின் நடுவே அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார்; பின்னர் மின்கிதாரை ஒதுக்கிவிட்டு மேடையில் சம்மணமிட்டு அமர்ந்தார். உடன் அமர்ந்தோர் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் 'விக்கு' விநாயக்ராம். முதல் இசைத்தட்டில் மட்டும் ஆர். ராகவனின் மிருதங்கமும் உண்டு. சங்கரின் தந்தை வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்தை அடுத்து ஈழத்தைவிட்டு வந்த குடும்பம் அது. மேலை நாட்டார் வியந்த அந்த வயலினுக்குள் அப்பிரிவும் இருந்திருக்கும்.

முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், சவுதாம்டன் கல்லூரிக் கச்சேரியில் பதிவானது. அதில் 'ஜாய்' 18 நிமிடம். இறுதி உருப்படி ஏறத்தாழ 29 நிமிடம். நடுவே 'லோட்டஸ் ஃபீட்' 5 நிமிடம்கூட இல்லை. மூன்று நிமிடப் பாட்டை வானொலி விரும்பிய காலத்தில் இதனை யார் ஒலிபரப்புவார்? விற்பனையில் சக்தி பழைய குழுவின் அருகிலும் வரவில்லை. 'வெற்றிப் பாடல்' என்னும் சொல்லை வணிகர் பொருளில் கொண்டால், சக்திக்கு வெற்றிப் பாடலே கிடையாது.

ஆனால் 1976இல் இலண்டனில் பதிவான 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யின் முதல் உருப்படியைக் கேட்க வேண்டும். கருவிகள் வாய்மூடியிருக்க, மனிதக் குரல்கள் கொன்னக்கோலில் தொடங்குகின்றன. பொருளற்ற சொற்கள், எனினும் ஒவ்வொன்றுக்கும் எடையுண்டு. 'தகதகிட' என்னும் ஐந்தை மும்முறை சொன்னால் 15. ஆதி தாளத்தின் அரை ஆவர்த்தனத்துக்கு 16 வேண்டும். எஞ்சிய ஒன்றை முன்னே வைப்பதா, இடையே வைப்பதா, மௌனமாக விடுவதா? சீர் எண்ணிப் பழகியவர்க்கு இந்தத் தவிப்பு புரியும்.

தாளக் கணக்கை இவ்வாறு கட்டி முடிப்பதற்குக் 'கோர்வை' என்று பெயர். தென்னேரியில் தறி அறிந்தவர்க்கும் அச்சொல் உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக, மூன்று நாடா ஓடி, உடனிருந்து ஒருவர் கைகொடுக்க, இழை இழையாகப் பின்னி இணைவது கோர்வைச் சேலை. ஒரு நிறம் மற்றதில் கரைவதில்லை; பிரிந்து வருவதுமில்லை. சக்தியின் இசையும் அத்தகையதே. மெக்லாக்லின் கர்நாடக வித்துவானாக வேடம் பூணவில்லை. கமகம் இழுப்பதற்காகக் கிதாரின் மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்தார்; ஆனால் வாசித்தது தம் மொழியைத்தான். விநாயக்ராமும் ஜாஸ் மேளக்காரராக மாறவில்லை. மரபா புதுமையா என்று நம் கவியரங்குகளில் ஓயாது நடக்கும் வழக்கில் இதனைச் சாட்சியாக அழைக்கலாம். அங்கே மிகவும் துணிந்து பறந்தவர்கள் தாளத்தை ஒருகணமும் தவறவிடாதவர்கள்.

மூன்றாவதான 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' 1977இல் வந்தது. பாடல்கள் சுருங்கின. இனிமை குறையவில்லை, ஆனால் ஆலாபனைக்கு மூச்சுவிட இடமில்லை. அடுத்த ஆண்டோடு குழு கலைந்தது.

1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்று மீண்டும் எழுந்த குழுவில் பிற்பாடு மாண்டலின் உ. ஸ்ரீநிவாசும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும், பின்னர் சங்கர் மகாதேவனும் சேர்ந்தனர். சொல்லற்றிருந்த குழுவுக்குப் பாடகர் வந்தது சிலருக்கு உவப்பில்லை. ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்தார். 2023இல் வெளியான 'திஸ் மொமெண்ட்' அவர் நினைவாக அமைந்த உருப்படியுடன் தொடங்குகிறது. 2024 பிப்ரவரியில் அது கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்தார்.