வாசலுக்கு வெளியே யார் பார்ப்பது?



பெரிய கடைகள் வேண்டுமா, வேண்டாமா என்று வழக்காட நான் வரவில்லை. ஆடித் தள்ளுபடி என்றாலும், தீபாவளி என்றாலும், வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானாலும், செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேறி நம் தியாகராய நகருக்கு வருகிறார்கள். கையிலிருக்கும் பணத்துக்குள் பிள்ளைகளுக்குத் துணியெடுத்து, பாத்திரம் பண்டமும் வாங்கிக்கொண்டு நிறைவாகத் திரும்புகிறார்கள். அந்தக் கடைகளில் தென்மாவட்டப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். இதில் எதையும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

என் கேள்வி வேறு. ஒரு கடை ஏழு மாடிக்கு எழும்புகிறது. அதற்கு வரப்போகிற ஜனம் எந்த வழியாக நடக்கும்? சரக்கு லாரி எங்கே நின்று இறக்கும்? தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எந்தப் பக்கமாக உள்ளே போகும்? இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? எப்போது பார்க்கிறார்கள்?

இந்த ஊர் தானாக முளைத்த ஊர் அல்ல. 1920-ல் வந்த சென்னை நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, வரைபடம் போட்டு, பூங்காவுக்கு இடம் ஒதுக்கி, அளந்து அமைத்த குடியிருப்பு இது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை நகருக்கும், பனகல் அரசரின் பெயரைப் பூங்காவுக்கும் வைத்தார்கள். வீடுகளுக்காகப் போட்ட தெருக்கள் இவை. அந்தத் தெருக்களின் மேல்தான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய கடைத்தெருவை ஏற்றி வைத்திருக்கிறோம். கட்டடம் வளர்ந்தது, வியாபாரம் வளர்ந்தது. ரங்கநாதன் தெருவின் அகலம் மட்டும் வளரவில்லை.

அனுமதியை மீறி மாடிகள் எழும்பியபோது நாம் என்ன செய்தோம்? 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தோம். 1999 பிப்ரவரி 28-க்குள் கட்டி முடித்தவர்கள் கட்டணம் செலுத்தினால் வரன்முறைப்படுத்தலாம் என்றோம். பிறகு அந்தக் கெடுவை நீட்டினோம், மறுபடியும் நீட்டினோம். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ஏற்க மறுத்தது. அத்தோடு நின்றதா? 2012-ல் 113-சி வந்தது, 2007 ஜூலை 1 என்று இன்னொரு கெடு வந்தது. நண்பர்களே, கட்டணம் வாங்கினால் கோப்பு மூடப்படும், உண்மை. ஆனால் எத்தனை கோடி வாங்கினாலும் தெரு ஓர் அடி அகலமாகுமா? கட்டடத்தைச் சுற்றி விடாமல்போன இடைவெளி திரும்ப வருமா?

அந்த இடைவெளி எதற்கென்று நெருப்பு நமக்குச் சொல்லிவிட்டது. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் தீப்பிடித்து, அங்கே வேலை பார்த்த இரண்டு பேர் மாண்டுபோனார்கள். 2017 மே 31 அதிகாலை, உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடை மாளிகை எரியத் தொடங்கியது. ஒரு பகல் போய் ஓர் இரவு வந்தும் அணையவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது, மீதியை இடித்தே தள்ள வேண்டியதாயிற்று. விடிந்து கடை திறந்து, கூட்டம் நிறைந்திருந்த நேரமாக அது இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

இடையில் 2011 அக்டோபர் 31 அன்று, உயர் நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவின் முயற்சியால் இங்கே வரிசையாகக் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள், 2012 ஜனவரியில் கதவுகள் திறந்தன. அந்த இரண்டு மாதமும் சம்பளத்துக்குக் கவலைப்பட்டது யார்? விற்பனைப் பிள்ளைகளும், வாசலில் பூ விற்றவர்களும்தான். கட்டிய பிறகு பாய்கிற சட்டம் முதலில் எளியவர்களைத்தான் அடிக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியதை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்கிறேன்.

பார்ப்பதற்கு விதியே இல்லையா என்றால், இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இருக்கின்றன. 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்துக்குப் போக்குவரத்துக் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் தடையின்மைச் சான்று தர வேண்டும். ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று கணக்கு இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு எதைச் சுற்றி வருகிறது, கவனியுங்கள். காரைச் சுற்றி! மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் காரிலா வருகிறார்கள்? பஸ் நிலையத்திலிருந்து கட்டைப்பையோடும் கைக்குழந்தையோடும் வருகிற தாய்க்கு எத்தனை அடி நடைபாதை வேண்டும்? இந்தியச் சாலைக் கழகம் நடப்பவர்களுக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத வழி வேண்டும் என்கிறது. ஒரு கடைக்குத் திட்ட அனுமதி கொடுக்கும் முன், அதன் வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை அந்த 1.8 மீட்டர் இருக்கிறதா என்று யாராவது டேப் பிடித்து அளந்து பார்க்க வேண்டாமா?

நடப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்தால் பலன் கிடைக்கும். 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதையை அகலமாக்கினார்கள். மாலையில் போய்ப் பாருங்கள், பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள். 2023 மே மாதம், ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைமேம்பாலம் திறந்தார்கள். சுமார் 28 கோடி ரூபாய் செலவு. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது பொதுப்பணம். கூட்டத்தை வரவழைத்து லாபம் பார்ப்பவர் ஒருவர், அந்தக் கூட்டத்துக்கு வழி செய்வது ஊரா? பெரிய கட்டடங்களிடம் உள்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் வாங்குகிறார்கள். அது மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. அதில் ஒரு பங்காவது, எந்தத் தெருவின் மேல் சுமை ஏறுகிறதோ அந்தத் தெருவுக்கே வரவேண்டும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் ஒரு பெரிய கடை விண்ணப்பம் போட்டால், எவ்வளவு வண்டி வரும், எந்தச் சந்திப்பு திணறும் என்ற அறிக்கையையும் சேர்த்துத் தர வேண்டும். ஊரார் யாரும் அதைப் படிக்கலாம், ஆட்சேபம் எழுத 21 நாள் கிடைக்கும். நம் நிலை என்ன? 20,000 சதுர மீட்டரைத் தொடும் கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம், ஆனால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையே கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்வது மண் தோண்டும் பொக்லைன்தான்! தெருமுனையில் ஆம்புலன்ஸ் எங்கே சிக்கும், பள்ளி விடும் நேரம் எது, மழைக்குத் தண்ணீர் எங்கே தேங்கும் என்பதெல்லாம் இங்கே குடியிருப்பவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அலுவலகக் கோப்புக்கும் தெரியாது. அவரைக் கேட்காமல் எப்படி முடிவெடுக்கிறீர்கள்?

அனுமதி கொடுத்த பிறகும் ஒரு கதவு பாக்கி இருக்கிறது. நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் பெரிய வணிகக் கட்டடத்துக்கு மின் இணைப்பு கிடையாது. அந்தச் சான்றிதழைத் தரும் அதிகாரி பேஸ்மென்டில் இறங்கிப் பார்க்கட்டும். அங்கே வண்டி நிற்கிறதா, சரக்கு மூட்டை நிற்கிறதா? ஒரு வருடம் கழித்து இன்னொரு முறையும் இறங்கிப் பார்க்கட்டும். வரைபடத்தில் பார்க்கிங், தரையில் குடோன் என்றால், வாடிக்கையாளரின் ஸ்கூட்டர் நம் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

இதையெல்லாம் கேட்க நமக்கு ஓர் இடம் இருக்கிறது, வார்டில் குடியிருப்பவர்கள் கூடும் பகுதி சபா. கவுன்சிலரும் அதிகாரிகளும் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நம் வார்டில் எந்தெந்தப் பெரிய வணிகக் கட்டடம் விண்ணப்பத்தில் இருக்கிறது, அதன் நுழைவாயில் எந்தத் தெருவில், சரக்கு இறக்க எந்த இடம், எந்த நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்மானத்தின் வாசகத்தை எழுதி வைத்திருக்கிறோம், வாசலருகே மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.